உங்கள் எஸ்.டி.பி.-யில் வேலை செய்வது யார்? கழிவுநீரைச் சுத்தம் செய்யும் உயிர்ப்படலம்

குளியலறை வடிகால் குழாயின் உட்புறம், சமையலறை சிங்க்குக்குக் கீழே இருக்கும் வளைவுக் குழாய், பல நாள் கழுவாமல் விட்ட வாளியின் அடிப்பக்கம். இங்கெல்லாம் விரலை வைத்துப் பாருங்கள். வழவழவென்று ஏதோ ஒட்டும். அழுக்கு என்று சொல்லித் தேய்த்துக் கழுவிவிடுவோம். ஆனால் அந்த வழவழப்புக்கு உயிர் உண்டு. கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் சேர்ந்து கட்டிய குடியிருப்பு அது. அதற்குப் பெயர் உயிர்ப்படலம்.

வீட்டுக் குழாயில் நமக்குத் தொல்லையாக இருக்கும் இதே படலம்தான், அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் மருத்துவமனைகளிலும் தொழிற்சாலைகளிலும் கழிவுநீரைச் சுத்தம் செய்கிறது. உங்கள் குடியிருப்பின் தரைத்தளத்திலோ பின்பக்க மூலையிலோ எஸ்.டி.பி. என்று சொல்லப்படும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறதா? அதில் மோட்டார், புளோயர், ஃபில்டர் என்று பல இயந்திரங்கள் இருக்கும். கழிவைத் தின்று தீர்ப்பது அவை அல்ல, இந்தப் படலம். இயந்திரங்கள் அதற்கு உதவியாளர்கள், அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொண்டால், ‘எஸ்.டி.பி. இருக்கிறது, ஆனால் வேலை செய்யவில்லை’ என்ற நிலைமை ஏன் வருகிறது என்பதும் புரிந்துவிடும். அது உயிருள்ள நிலையம். சோறும் காற்றும் கிடைத்தால் வேலை செய்யும். விஷம் கொடுத்தால் செத்துவிடும். அந்த மூன்றுமே குடியிருப்போரின் கையில்தான் இருக்கின்றன.

உயிர்ப்படலம் எப்படி உருவாகிறது?

தண்ணீரில் மிதக்கும் பாக்டீரியாக்களுக்கு உட்கார ஓர் இடம் கிடைத்தால் போதும். கல், பிளாஸ்டிக், இரும்பு எதுவானாலும் சரி, முதலில் சில வந்து ஒட்டும். ஒட்டியதும் சர்க்கரையும் புரதமும் கலந்த பசை போன்ற பொருளைச் சுரக்கும். அந்தப் பசைக்குள் மேலும் மேலும் பாக்டீரியாக்கள் வந்து சேரும். காலையில் பல் தேய்க்கும்முன் நாக்கால் தடவினால் பல்லில் தட்டுப்படும் படிவும் இப்படி உருவானதுதான்.

இந்தப் படலத்துக்குள் பல அடுக்குகள் உண்டு. தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் மேலடுக்குக்கு ஆக்சிஜன் நன்றாகக் கிடைக்கும். அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் கழிவில் உள்ள மாவு, கொழுப்பு, புரதம், சோப்பு எல்லாவற்றையும் தின்று கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் மாற்றும். சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் வேறு சில பாக்டீரியாக்களும் இங்கே இருக்கும். இவை மெதுவாகத்தான் வளரும். தண்ணீரோடு அடித்துச் செல்லப்படாமல் ஒட்டிக்கொள்ள இடம் கிடைப்பது இவற்றுக்குப் பெரிய வசதி.

உள்ளே போகப்போக ஆக்சிஜன் குறையும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஆழத்திலேயே ஏறக்குறைய தீர்ந்துவிடும். அங்கே ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் இருக்கும். நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, நைட்ரஜனைச் சாதாரண வாயுவாக வெளியே விடுவது இவற்றின் வேலை.

படலம் ரொம்பவும் தடித்துவிட்டால், அடியில் இருக்கும் பாக்டீரியாக்களுக்கு உணவு போய்ச் சேராது. பிடி தளர்ந்து படலம் பிய்ந்து விழும். அந்த இடத்தில் புதுப் படலம் வளரும். பிய்ந்து விழுந்தது கசடாக அடியில் தங்கும். ஆபரேட்டர்கள் ‘ஸ்லட்ஜ்’ என்று சொல்வது இதைத்தான்.

கல்லில் தொடங்கி பிளாஸ்டிக் வரை

இது புது கண்டுபிடிப்பு அல்ல. இங்கிலாந்தின் சால்ஃபோர்டு நகரில் 1893-லேயே கல் படுகையின் மேல் கழிவுநீரைத் தெளித்துச் சுத்தம் செய்து பார்த்தார்கள். கழிவுநீர் கற்களின் மேல் சொட்டுச் சொட்டாக இறங்கும். கற்களில் படர்ந்த படலம் அதிலிருந்த கழிவைத் தின்றுவிடும். ‘சொட்டு வடிகட்டி’ எனப்பட்ட இந்த முறை உலகம் முழுக்கப் பரவியது.

1914-ல் மான்செஸ்டரில் வேறொரு வழி வந்தது. பாக்டீரியாக்களை எதன்மீதும் ஒட்டவிடாமல், தண்ணீரிலேயே திரள்திரளாக மிதக்கவிட்டு, காற்றைச் செலுத்தும் முறை. இதற்கு ‘கிளர்வுற்ற கசடு’ முறை என்று பெயர். பெரிய நகரங்களுக்கு இது ஏற்றதாக இருந்தது. சென்னையின் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய பெரிய நிலையங்களில் பெரும்பாலும் இந்த முறைதான். ஆனால் இதில் ஒரு சிரமம் உண்டு. மிதக்கும் பாக்டீரியாக்கள் சுத்தமான தண்ணீரோடு வெளியேறிவிடாமல், அடியில் படியவைத்து, பம்ப் போட்டு மறுபடியும் தொட்டிக்கே அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். எவ்வளவு அனுப்புவது, எவ்வளவு வெளியே எடுப்பது என்ற கணக்கு தப்பினால் மொத்தமும் கெட்டுவிடும். தினமும் பொறியாளர் இருக்கும் பெரிய நிலையத்துக்கு இது சரி. ஒரே ஓர் ஆபரேட்டர் வந்து போகும் சின்ன நிலையத்துக்கு இது கஷ்டம்.

1980-களின் கடைசியில் நார்வே நாட்டில் பேராசிரியர் ஹால்வார்ட் ஓடகார்டும் கால்ட்னெஸ் நிறுவனமும் சேர்ந்து இரண்டு முறைகளையும் இணைத்தார்கள். சின்னச் சின்ன பிளாஸ்டிக் சக்கரங்களைத் தொட்டிக்குள் போட்டு, அடியிலிருந்து காற்றைச் செலுத்தினார்கள். சக்கரங்கள் தண்ணீருக்குள் சுற்றிச்சுற்றி மிதக்கும். அவற்றின் உள்பக்கத்தில் உயிர்ப்படலம் படரும். பாக்டீரியா ஓடிப்போகாது, கல் படுகை போல அடைத்துக்கொள்ளவும் செய்யாது. இதுதான் எம்.பி.பி.ஆர். என்ற நகரும் படுகை முறை. நம் ஊர் அடுக்குமாடிகளில் பரவலாக வைக்கப்படுவது இந்த முறைதான். அந்தப் பிளாஸ்டிக் சக்கரங்களை ஆபரேட்டர்கள் ‘மீடியா’ என்பார்கள்.

100 வீட்டுக்கு எவ்வளவு படலம் வேண்டும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 வீடுகள், வீட்டுக்கு 4 பேர் என்றால் 400 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது திட்டமிடலில் வழக்கமாக எடுக்கும் அளவு. ஆக மொத்தம் 54,000 லிட்டர். அதில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்று எடுத்துக்கொண்டால் 43,200 லிட்டர்.

கழிவுநீரில் எவ்வளவு கழிவு இருக்கிறது என்பதை பி.ஓ.டி. என்ற அளவால் சொல்வார்கள். அந்தக் கழிவைத் தின்று தீர்க்க பாக்டீரியாக்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்பதுதான் பி.ஓ.டி. வீட்டுக் கழிவுநீரில் இது லிட்டருக்குச் சுமார் 200 முதல் 300 மில்லிகிராம் இருக்கும். 250 என்று வைத்துக்கொண்டால், 43,200 லிட்டரில் நாளொன்றுக்கு 10.8 கிலோ.

ஒரு சதுர மீட்டர் படலம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 7 கிராம் பி.ஓ.டி.-யைக் கையாளும் என்று வைத்தால், நமக்கு வேண்டியது சுமார் 1,540 சதுர மீட்டர் பரப்பு. ஏறக்குறைய 7 கிரவுண்டு! அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது?

இங்கேதான் மீடியாவின் பலன் தெரியும். பரவலாகப் பயன்படும் ஒரு வகை மீடியாவில், ஒரு கன மீட்டருக்குள் சுமார் 500 சதுர மீட்டர் பரப்பு மடிந்து கிடக்கிறது. ஆகவே 3 கன மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான மீடியா இருந்தாலே 7 கிரவுண்டு பரப்பு ஒரு சின்னத் தொட்டிக்குள் அடங்கிவிடும். அம்மோனியாவையும் நன்றாகக் குறைக்க வேண்டும் என்றால் இன்னும் கூடுதலாகப் போட வேண்டும்.

இந்தக் கணக்கு ஏன் உங்களுக்குத் தெரிய வேண்டும்? மீடியா குறைந்துபோனால் நிலையத்தின் திறனும் அதே அளவு குறைந்துபோகும். வலைத் தடுப்பு கிழிந்து மீடியா வெளியே ஓடிப்போவது, உடைந்ததை எடுத்துவிட்டுப் புதிது போடாமல் விடுவது, விலை குறைவாக இருக்கிறதே என்று பரப்பு குறைந்த வகையை வாங்கிப் போடுவது எல்லாம் நடப்பதுண்டு. தொட்டியைப் பார்த்தால் வெளியே எதுவும் தெரியாது. தண்ணீர் மட்டும் கலங்கலாக வரும். எத்தனை கன மீட்டர் மீடியா, என்ன வகை என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

கழிவுநீர் கடக்கும் படிகள்

வீட்டிலிருந்து வரும் கழிவுநீர் முதலில் கம்பி வலையைக் கடக்கும். துணி, பிளாஸ்டிக், முடி இங்கே நிற்கும். சமையலறைத் தண்ணீர் எண்ணெய்ப் பொறி வழியாக வரும். பிறகு சேகரிப்புத் தொட்டி. காலை 6 முதல் 9 மணி வரை எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் குளியல், துவையல் நடக்கும். மத்தியானம் ஒன்றும் வராது. இந்த ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்து, நாள் முழுக்க ஒரே சீராகத் தண்ணீரை அனுப்புவது சேகரிப்புத் தொட்டியின் வேலை.

அடுத்தது மீடியா மிதக்கும் தொட்டி. படலம் தன் வேலையைச் செய்வது இங்கேதான். அங்கிருந்து படிவுத் தொட்டிக்குப் போகும் தண்ணீரிலிருந்து, பிய்ந்து விழுந்த கசடு அடியில் தங்கும். மேலே தெளிந்த தண்ணீரில் குளோரின் கலந்து, மணல் வடிகட்டி, கார்பன் வடிகட்டி வழியாக அனுப்பினால் சுத்திகரித்த நீர் தயார்.

‘எம்.பி.பி.ஆரில் ஸ்லட்ஜே வராது’ என்று சில விற்பனையாளர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். இந்த முறையில் கசடைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பத் தேவையில்லை என்பதுதான் உண்மை. கசடு வரத்தான் செய்யும். ஒரு கிலோ பி.ஓ.டி. நீங்கினால் ஏறக்குறைய அரைக் கிலோ உலர் கசடு என்று வைத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன 100 வீட்டுக் குடியிருப்பில் நாளொன்றுக்குச் சுமார் 5 கிலோ. தண்ணீரோடு சேர்த்துப் பார்த்தால் சில நூறு லிட்டர். அதை எடுக்காமல் விட்டால் படிவுத் தொட்டி நிரம்பி, கசடு தண்ணீரோடு வெளியே வரும். மணல் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

ராத்திரி புளோயரை நிறுத்தினால் என்ன?

குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் அடிக்கடி வரும் கேள்வி இது. கரண்ட் பில் அதிகம், சத்தம் வேறு, ராத்திரி தண்ணீரும் வருவதில்லை, நிறுத்திவிடலாமே என்பார்கள்.

புளோயர் செய்வது இரண்டு வேலை. படலத்துக்கு ஆக்சிஜன் கொடுப்பது ஒன்று. மீடியாவைச் சுழலவைப்பது இன்னொன்று. ஒன்றிரண்டு மணி நேர மின்தடையைப் படலம் தாங்கிக்கொள்ளும். தினமும் ராத்திரி முழுக்க நிறுத்தினால் கதை வேறு. ஆக்சிஜன் தீர்ந்ததும், காற்று வேண்டிய பாக்டீரியாக்கள் நலிந்துபோகும். காற்று வேண்டாத பாக்டீரியாக்கள் தலைதூக்கும். அவை தண்ணீரில் உள்ள சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றும். அழுகிய முட்டை நாற்றம் என்கிறோமே, அது இந்த வாயுதான்.

காலையில் புளோயரைப் போட்டவுடன் எல்லாம் சரியாகிவிடாது. அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாக்கள் மெதுவாக வளர்பவை என்று முன்பே பார்த்தோம். புது நிலையத்தில் கழிவைத் தின்னும் படலம் வளர 2 முதல் 4 வாரம் ஆகும். அம்மோனியா தின்பவை நிலைபெற அதைவிடக் கூடுதல் காலம் ஆகும். தினமும் நிறுத்தி நிறுத்திப் போட்டால் அவை நிலைபெறவே முடியாது.

மின்செலவைக் குறைக்க வேறு வழி உண்டு. தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று அளந்து, அதற்கு ஏற்றபடி புளோயரின் வேகத்தை மாற்றும் கருவியைப் பொருத்தலாம். காற்று வெளிவரும் துளைகள் அடைத்திருந்தாலும் மின்சாரம் வீணாகும், அதைச் சரிபார்க்கலாம். சத்தத்துக்கு ஒலித்தடுப்புக் கூண்டு இருக்கிறது.

உங்கள் வீட்டிலிருந்து போகக்கூடாதவை

ஆபரேட்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், 100 வீட்டுச் சிங்க்கை அவர் காவல் காக்க முடியாது. இவற்றை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்:

ஒன்று, ஆசிட், பிளீச்சிங் பவுடர், ஃபினாயில். கிருமியைக் கொல்ல வாங்கும் பொருள் நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்று பார்க்காது. வழக்கமான அளவில் ஒரு வீட்டில் பயன்படுத்தினால், மற்ற வீட்டுத் தண்ணீரோடு கலந்து நீர்த்துவிடும். பண்டிகைக்கு முந்தைய நாள் எல்லா வீட்டிலும் சேர்ந்து பாட்டில் பாட்டிலாக ஊற்றினால் படலம் அடிவாங்கும். தண்ணீர்த் தொட்டி கழுவிய பிளீச்சிங் தண்ணீரை எஸ்.டி.பி.-க்கு ஒரேயடியாகத் திறந்துவிட வேண்டாம்.

இரண்டு, எண்ணெய். பொரித்த எண்ணெயைச் சிங்க்கில் ஊற்றினால் அது மீடியாவின் மேல் பூசிக்கொண்டு, ஆக்சிஜன் படலத்துக்குப் போகாமல் தடுக்கும். ஆறிய எண்ணெயைப் பாட்டிலில் சேர்த்து வையுங்கள். பாத்திரத்தில் ஒட்டியிருப்பதைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள்.

மூன்று, நாப்கின், டயப்பர், ஈரத்துடைப்பான். உறையில் என்ன எழுதியிருந்தாலும் இவை தண்ணீரில் கரையாது. பம்ப்பில் சிக்கும். அடைப்பை எடுக்க ஒரு மனிதரை அனுப்ப வேண்டிய நிலை இதனால்தான் வருகிறது.

நான்கு, பெயின்ட், தின்னர், பூச்சிமருந்து, மீந்துபோன மாத்திரை மருந்துகள். பெயின்ட் வேலை நடக்கும் வீட்டுக்காரர்கள் பிரஷ் கழுவிய தின்னரைக் கழிவறையில் ஊற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொழிற்சாலைக் கழிவுநீரில் என்ன நடக்கிறது?

வீட்டுக் கழிவு படலத்துக்குப் பழகிய சாப்பாடு. தொழிற்சாலைக் கழிவு அப்படி அல்ல. பால் பண்ணை, ஜவ்வரிசி ஆலை, உணவுப் பதப்படுத்தும் ஆலை ஆகியவற்றின் கழிவில் பி.ஓ.டி. பல மடங்கு அதிகம். ஆனால் எல்லாம் பாக்டீரியா தின்னக்கூடிய பொருள்தான். இங்கே படலம் நன்றாக வேலை செய்யும். திடீரென்று கழிவின் அளவு கூடினாலும், மிதக்கும் பாக்டீரியாவைவிடப் பசைக்குள் பதுங்கியிருக்கும் பாக்டீரியா நன்றாகத் தாங்கும்.

சாயக் கழிவும் தோல் கழிவும் வேறு வகை. ஒரு விஷயத்தைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்: உயிர்ப்படலம் உப்பைத் தின்னாது. துணியில் சாயம் பிடிக்க ஏராளமான உப்பு சேர்ப்பார்கள். கழிவுநீரிலிருந்து மற்ற எல்லாவற்றையும் பாக்டீரியா நீக்கினாலும் உப்பு அப்படியே இருக்கும். நொய்யல் ஆற்றுக்கும் ஒரத்துப்பாளையம் அணைக்கும் அதன் கீழ்ப் பாசன நிலங்களுக்கும் நேர்ந்த கேட்டில் உப்புக்குப் பெரும் பங்கு உண்டு. இந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில், கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத நிலையை எட்டும்வரை திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. அதன் பிறகு அங்கே உயிரியல் சுத்திகரிப்பு, ஆர்.ஓ., ஆவியாக்கி என்று படிப்படியாக அமைத்து, தண்ணீரையும் உப்பையும் மீட்டுத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள்.

இந்த வரிசையில் பாக்டீரியாவின் பங்கு, ஆர்.ஓ. சவ்வுக்குப் போகும்முன் கழிவைத் தின்று தீர்ப்பது. அது சரியாக நடக்காவிட்டால், மிச்சமிருக்கும் கழிவைத் தின்றுகொண்டு ஆர்.ஓ. சவ்வின் மேலேயே உயிர்ப்படலம் வளர்ந்து அடைத்துவிடும். மீடியாவில் இருந்தால் நண்பன், சவ்வில் ஏறினால் எதிரி.

தோல் பதனிடும் தொழிலில் குரோமியம் ஒரு சிக்கல். பாக்டீரியாவுக்கு அது விஷம். அதனால் குரோம் கலந்த நீரை மற்ற கழிவுநீரோடு சேர்க்காமல், ஆலையிலேயே தனியாகப் பிடித்து குரோமியத்தை மீட்க வேண்டும். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பகுதிகளில் பாலாற்றுக்கு ஏற்பட்ட பாதிப்பு பற்றிய வழக்கில்தான், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் சொன்னது.

தொட்டிக்குள் யாரும் இறங்கக்கூடாது

இதை மட்டும் மறக்கவே வேண்டாம். காற்று இல்லாமல் தேங்கிய கழிவுநீரிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு உயிரைப் பறிக்கும். முதலில் நாற்றம் தெரியும். வாயுவின் அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ‘இப்போது நாற்றம் இல்லையே, இறங்கலாம்’ என்று நினைப்பது ஆபத்து. ஒருவர் மயங்கி விழுந்ததும், அவரைக் காப்பாற்ற அடுத்தவர் இறங்கி அவரும் உயிரிழப்பது இப்படித்தான் நடக்கிறது. உள்ளே யாராவது விழுந்துவிட்டால் நீங்கள் இறங்காதீர்கள். உடனே 108-க்கும் 101-க்கும் கூப்பிடுங்கள். மூடிகளையெல்லாம் திறந்துவிடுங்கள்.

பாதுகாப்புக் கருவி இல்லாமல் கழிவுநீர்த் தொட்டியிலோ பாதாளச் சாக்கடையிலோ ஆளை இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூப்பிட்ட சங்கமும் ஒப்பந்ததாரரும் ‘அவராகத்தான் இறங்கினார்’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இப்படி உயிரிழப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது. தொட்டிச் சுத்தம் செய்ய இயந்திர வண்டியை மட்டும் கூப்பிடுங்கள். அதற்கான கட்டணமில்லா எண் 14420.

உங்கள் எஸ்.டி.பி. நலமா? நீங்களே பாருங்கள்

பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை. கண்ணும் மூக்கும் போதும். ஆபரேட்டரோடு போய், தொட்டிக்கு வெளியே நின்றபடி பாருங்கள்.

மீடியா தொட்டி முழுக்கச் சுழல்கிறதா, ஒரு மூலையில் குவிந்து நிற்கிறதா? குவிந்து நின்றால் காற்று சரியாக வரவில்லை.

ஆபரேட்டரை ஒரு மீடியாவை வலையால் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். உள்பக்கத்தில் பழுப்பு நிறத்தில் மெல்லிய படலம் இருந்தால் நலம். கறுப்பாக இருந்தால் ஆக்சிஜன் போதவில்லை. நாள்பட்ட நிலையத்தில் ஒன்றுமே ஒட்டாமல் வெள்ளையாக இருந்தால் ஏதோ விஷம் போயிருக்கிறது, அல்லது கழிவுநீர் சரியாக வருவதில்லை.

நாற்றம் எப்படி? நன்றாக ஓடும் நிலையத்தில் மழை பெய்த மண்ணைப் போன்ற லேசான வாசனைதான் இருக்கும். அழுகிய முட்டை நாற்றம் அபாய அறிகுறி.

சுத்திகரித்த நீரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் வையுங்கள். தெளிவாக இருக்கிறதா? மூடி வைத்து மறுநாள் திறந்தால் நாற்றம் வருகிறதா? வந்தால் கழிவு முழுதாகத் தீரவில்லை.

கண்ணுக்குத் தெளிவாக இருப்பது மட்டும் போதாது. பி.ஓ.டி., சி.ஓ.டி., மிதக்கும் திடப்பொருள், பி.எச். ஆகியவற்றை ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். எந்த அளவுக்குள் இருக்க வேண்டும் என்பது தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உங்கள் குடியிருப்புக்குக் கொடுத்த இயக்க அனுமதி ஆணையில் எழுதியிருக்கும். அந்த ஆணை உங்கள் சங்கத்திடம் இருக்கிறதா, கெடு முடிந்துவிட்டதா என்று கேளுங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்லாக் குடியிருப்புக்கும் எஸ்.டி.பி. கட்டாயமா?

20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டப்படும் திட்டங்களுக்கு முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். அதன் நிபந்தனைகளில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் மறுபயன்பாடும் இடம்பெறும். உங்கள் கட்டடத்தின் திட்ட அனுமதியையும் வாரியத்தின் ஆணையையும் பார்த்தால் உங்களுக்குப் பொருந்துவது தெரிந்துவிடும். வீடு வாங்கும்போதே இவற்றின் நகலைக் கட்டுநரிடம் கேட்டு வாங்குங்கள்.

புதுக் குடியிருப்பில் பாதி வீடுகளுக்குத்தான் ஆள் வந்திருக்கிறது. எஸ்.டி.பி. ஓடுமா?

கழிவு குறைவாக வந்தால் படலம் மெலிந்தே இருக்கும். பெரிய நிலையங்களில் தொட்டிகளை இரண்டு வரிசையாகப் பிரித்துக் கட்டியிருந்தால், முதலில் ஒரு வரிசையை மட்டும் ஓட்டலாம். அருகில் நன்றாக ஓடும் நிலையத்திலிருந்து கொஞ்சம் கசடைக் கொண்டுவந்து போட்டால், தயிருக்கு உறை ஊற்றியது போலப் படலம் சீக்கிரம் பிடிக்கும்.

சுத்திகரித்த நீரை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம்?

கழிவறை ஃபிளஷ், தோட்டம், தரை கழுவுதல் போன்றவற்றுக்கு. குடிக்க, சமைக்க, குளிக்கக் கூடாது. இரண்டு நீரும் வரும் குழாய்களுக்குத் தனித்தனி நிறம் இருக்க வேண்டும். பிளம்பர் வேலை செய்யும்போது இரண்டும் மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதனால் எங்களுக்கு என்ன மிச்சம்?

ஆளுக்கு 135 லிட்டரில் சுமார் 45 லிட்டர் ஃபிளஷுக்கே போகிறது. 400 பேருக்கு 18,000 லிட்டர். அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் தினமும் ஒன்றரை லாரித் தண்ணீர். கோடையில் இது எவ்வளவு ரூபாய் என்று உங்கள் சங்கக் கணக்கே சொல்லும். பெரிய அளவிலும் இதேதான். சென்னைக் குடிநீர் வாரியம் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019-ல் தொடங்கிய நிலையங்கள் ஒவ்வொன்றும், நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் சுத்திகரித்த நீரைத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் திறன் கொண்டவை. அந்த அளவுக்குக் குடிநீர் மக்களுக்கு மிச்சமாகும்.

பக்கத்துக் குடியிருப்பிலிருந்து கழிவுநீர் மழைநீர் வடிகாலில் வருகிறது. யாரிடம் சொல்வது?

தேதி, நேரத்தோடு புகைப்படம் எடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். சென்னையில் மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு. 1913-ல் புகார் செய்யலாம். முதல்வரின் உதவி மையம் 1100. அனுமதி ஆணை, ஆய்வு அறிக்கை ஆகியவற்றின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் மூன்றைக் கேளுங்கள்

புளோயர் தினமும் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று எழுதிய பதிவேடு. கடைசியாகச் செய்த ஆய்வக அறிக்கை. கடைசியாகக் கசடு எடுத்த தேதி. இந்த மூன்றும் கையில் இருந்தால் உங்கள் எஸ்.டி.பி. உயிரோடு இருக்கிறது என்று நம்பலாம். இல்லையென்றால், தொட்டியும் மோட்டாரும் இருந்தும் கழிவுநீர் அப்படியே ஏதோ ஓர் ஓடைக்கோ ஏரிக்கோ போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த ஏரிக்குப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான் ஒருவேளை நாளைக்கு லாரியில் உங்கள் வாசலுக்கு வரும்.